பூ வைத்த போத்தலில் இரும்பு

எங்கள் பாடசாலைக்கு முதலில் வந்த மூலகம் அலுமினியம். அட்டவணையில் அதன் இலக்கம் பதின்மூன்று. எங்களிடம் அது 1982 வைகாசியில், ஒரு தேயிலைப் பெட்டியோடு வந்தது.

பெட்டியைத் தலையில் சுமந்து கொண்டுவந்தவள் ஒன்பதாம் ஆண்டு மாணவி. 1977 இன் பிற்பகுதியில் அவளுடைய குடும்பம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றை விட்டு, புளியங்குளத்துக்குக் கிழக்கே காட்டோரமாக வந்து குடியேறியது. அப்போது அவர்களுடைய வீட்டுச் சாமான் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் ரயிலேறி வந்தது. ஒட்டுப்பலகையின் உட்புறம் முழுவதும் வெள்ளித்தாள் போல ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு மூலையை நகத்தால் உரித்துக் காட்டி, "இது எங்கட அட்டவணையில இருக்கோ, ரீச்சர்?" என்று கேட்டாள்.

இருந்தது. அன்றே பெட்டியைப் பிரித்துப் பலகைகளை ஒன்றாக இணைத்து வகுப்புச் சுவரில் அடித்தோம். வெள்ளித்தாள் பளிச்சிட்ட பக்கம் வெளியே தெரிந்தது. அதன்மேல் கட்டங்கள் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆணி அடித்தோம். எங்கள் ஆவர்த்தன அட்டவணை அதுதான். பாதிக்கு மேற்பட்ட கட்டங்கள் கடைசிவரை வெறுமையாகவே இருந்தன. அதைப் பற்றி எனக்கு அப்போதும் கவலை இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

இதையெல்லாம் செய்ய வேண்டி வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலை ஒன்பதாம் ஆண்டோடு முடிந்துவிடும். மேலே படிப்பதானால் வவுனியாவுக்குப் போக வேண்டும். காலைப் பஸ் எங்கள் பக்கம் வராது. சந்திவரை நடந்துதான் பிடிக்க வேண்டும். ஆண்பிள்ளைகளில் இரண்டொருவர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு மாரி தொடங்கியதும் நின்றுவிட்டார்கள். பெண்பிள்ளைகளில் ஒருத்தியும் போகவில்லை. பத்தாம் ஆண்டை எங்களிடமே தொடங்க அனுமதி கேட்டபோது வட்டாரக் கல்வி அதிகாரி முடியாது என்று சொல்லவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் கட்டாயம். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் அதை எப்படிப் படிப்பிக்கப்போகிறீர்கள் என்று ஆடி மாதம் வந்து பார்க்கிறேன், திருப்தி என்றால் அடுத்த தையில் வகுப்பு என்றார்.

தேயிலைப் பெட்டி கொண்டுவந்தவளுக்கு விடயம் இன்னும் நேரானது. வகுப்பு வந்தால் படிக்கட்டும், வராவிட்டால் மார்கழியோடு நின்று மிளகாய்த் தோட்டத்துக்கு வரட்டும் என்று அவளுடைய தகப்பன் சொல்லிவிட்டார். அவர் கண்டிப்பான மனிதர் அல்லர். உள்ளதைச் சொன்னார். அவள் வகுப்பில் முதலாம் பிள்ளை என்பதும் அவருக்குத் தெரியும்.

விஞ்ஞான ஆசிரியையாக அங்கே எனக்கு அது மூன்றாவது வருடம். நான் போனபோது பிள்ளைகள் மூலகங்களின் குறியீடுகளைத் தேவாரம் போலப் பாடுவார்கள். இரும்புக்கு Fe என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். மண்வெட்டியைக் காட்டி இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "பிடி இருக்கு" என்பார்கள். அந்த ஆண்டில் நான் ஒரு விதி வைத்தேன். மூலகம் வீட்டிலிருந்து வர வேண்டும். கடையில் புதிதாக வாங்கியது கூடாது. அதைக் கழுவவோ மினுக்கவோ கூடாது. காற்றும் தண்ணீரும் நெருப்பும் ஒரு மூலகத்தை என்ன செய்தன என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். துருவேறிக் கறல் பிடித்த ஆணியைப் பார்த்துத்தான் இரும்பைப் படிக்கலாம். பளபளக்கும் ஆணி எதையும் சொல்லாது.

பிள்ளைகள் அந்த விதியை உடனே பிடித்துக்கொண்டார்கள். அழுக்கைக் கொண்டுவரச் சொன்ன முதல் ஆசிரியர் நான்தான் போலும். பச்சைக் களிம்பு பூத்த செம்புக் குவளை வந்தது. தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் அடியில் ஓடுபோலப் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கு கல்சியத்துக்காக வந்தது. விளக்குச் சிமினியொன்று உள்ளே புகை படிந்தபடி காபனுக்காக வந்தது. மிளகாய்க்குத் தூவுகிற கந்தகத் தூள் ஒரு பொட்டலம். பழைய டோர்ச் பற்றரி ஒன்றைப் பிளந்தபோது துத்தநாகக் கூடு, காபன் குச்சி, மங்கனீசு கலந்த கறுப்புப் பொடி என்று ஒரே மூச்சில் பல கட்டங்கள் நிரம்பின. நெருப்புப் பெட்டியின் உரஞ்சும் பக்கத்தில் பொசுபரசு. சோடியத்தையும் குளோரீனையும் தனித்தனியாகப் பிடிக்க முடியாததால் ஆனையிறவு உப்பை ஒரு சிறு துணியில் முடிந்து, இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் தொங்கவிட்டோம்.

ஈயம் மட்டும் ஊரில் அகப்படவில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவரிடம் கேட்டேன். அடுத்த நாள் வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை மீன் பெட்டிக்குள் இருந்து எடுத்துத் தந்தார்.

"ரீச்சர், இதைக் கழுவாமல் தாறன். கழுவினால் நீங்கள் வாங்கமாட்டியளாமே," என்றார். விதி அவர்வரை போயிருந்தது.

தங்கக் கட்டத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான்.

"எங்கட வீட்டில இருக்கு, ரீச்சர். ஆனால் அது வவுனியாவில அடைவில கிடக்கு."

அடகு போன தங்கத்தின் கட்டத்தை அப்படியே விட்டோம்.

இரும்புக்கு ஆணி இருந்தது. ஆனாலும் தேயிலைப் பெட்டிக்காரி இன்னொன்றும் கொண்டுவந்தாள்: ஒரு கண்ணாடிப் போத்தலில் அவர்களுடைய கிணற்றுத் தண்ணீர். அடியில் செங்கல் பொடிபோல ஒரு படிவு. அந்தக் கிணற்றில் அள்ளி வைத்தால் பானை சிவக்கும், துணி மஞ்சளாகும். இதில் இருப்பதும் இரும்புதான் என்று நான் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்று வகுப்பு கேட்டது. நான் பதில் சொல்லாமல் அவர்களையே யோசிக்க விட்டேன். அது பெரிய சண்டையாகிவிட்டது.

"உங்கட வாளி கறல் வாளி. அதுதான்," என்றான் ஒருவன்.

"எங்கட வாளி பிளாஸ்டிக்."

"அப்ப கயிறு கறல் பிடிச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் போத்தலைக் கொண்டுபோய்ப் பலகைக்குக் கீழே இருந்த மேசையில் வைத்துவிட்டு, வந்து தன் இடத்தில் அமர்ந்தாள். அந்தச் சண்டை தீராமலேயே ஆடி மாதம் வந்தது.

அதிகாரி வருகிற நாளுக்கு முதல்நாள் பிற்பகல் நான் பிஸ்கற்றும் சீனியும் வாங்க வவுனியாவுக்குப் போனேன். தலைமையாசிரியரான எங்கள் அதிபர் பாடசாலை வளவு துப்புரவாக்கப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார். அதிகாரி வருகிறார் என்றால் புல் செதுக்கி, மணல் தூவி, தோரணம் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். அதில் புதிதாக ஒன்றுமில்லை.

மறுநாள் காலை சைக்கிளை மரத்தோடு சாய்த்துவிட்டு வகுப்பறைக்குள் போனபோது கண் கூசியது.

செம்புக் குவளை கோயில் கும்பம்போல மின்னியது. சிமினி துடைத்த துடைப்பில் கண்ணாடியே இல்லாததுபோல இருந்தது. ஆணிகளின் கறலை யாரோ மணல் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார்கள். ஈயக்குண்டு கூடப் புதிதாக வார்த்ததுபோல இருந்தது. கேத்தல் பொருக்கைக் காணவில்லை. பற்றரியின் கறுப்புப் பொடியையும் காணவில்லை. கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல் கழுவப்பட்டு, அதில் ஒரு கொத்துச் செவ்வரத்தம்பூ நின்றது.

வாசலில் விளக்குமாற்றோடு நின்றவர் தேயிலைப் பெட்டிக்காரியின் தாய். காலையில் முற்றம் கூட்டக் கூட வந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் பார்த்து என்ன சொல்கிறேன் என்று கேட்க அவர் மட்டும் காத்திருந்தார்.

"எப்புடிங்க டீச்சர்? பொழுது சாயிற வரைக்கும் தேச்சோம்," என்றார்.

"ஏன் அக்கா இதைக் கழுவினீங்கள்?"

"துருப்புடிச்ச ஆணியும் கரிச் சிமினியும் அப்புடியே தொங்குது. பெரிய ஐயா வர்ற நேரம். நீங்க வேலைப் பளுவுல மறந்துட்டீங்கன்னு நெனச்சோம். தோட்டத்துல தொரை நாங்க குடியிருந்த லயத்தைப் பாக்க வர்றாருன்னா முதல்நாளே எல்லாத்தையும் கழுவிப் போடணும். ஒரு சட்டி கறுப்பா இருந்தாலும் எங்க பேருக்குத்தான் கேடு. இங்க எம் புள்ளைக்குக் கேடு வந்துறக் கூடாதில்லீங்களா."

அவர் பக்கத்தில் அது பிழை இல்லை; என் விதிக்கு அது சரியும் இல்லை. அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தங்கத்தை அடைவில் வைத்திருந்தவன் பலகையை மேலும் கீழும் பார்த்தான்.

"ரீச்சர், மூலகம் எல்லாம் குளிச்சு முழுகி வந்திருக்கு. பள்ளிக்கூடத்தில சேக்கப் போறியளோ?"

தேயிலைப் பெட்டிக்காரி சிரிக்கவில்லை. தாயைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பாடசாலையில் 'ஓம்' என்றும் வீட்டில் 'ஆமா' என்றும் பேசப் பழகியிருந்தவள், தன் இடத்துக்குப் போய் அமர்ந்தாள்.

"உள்ளதை வைத்துக்கொண்டு படிப்பிப்போம்," என்றேன். வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அதிகாரி மெலிந்த, நேரான மனிதர். மாலையை வாங்கி உடனே கழற்றி அதிபரிடம் கொடுத்தார். நேராக எங்கள் பலகைக்கு முன் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கதவோரத்தில் அந்தத் தாய் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். தோட்டத்துப் பழக்கத்தில் தேத்தண்ணி போடும் பொறுப்பை அவரே கேட்டு வாங்கியிருந்தார்.

"நல்ல பாத்திரக்கடை," என்றார் அதிகாரி. "இதை வச்சு என்ன படிப்பிக்கிறியள்?"

நான் தேயிலைப் பெட்டிக்காரியைக் காட்டினேன். அவள் எழுந்து வந்து செம்பில் தொடங்கினாள்.

"செம்பு காத்திலயும் ஈரத்திலயும் இருந்தால் பச்சையாகும், சேர். அந்தப் பச்சை செம்போட வேற மூலகங்கள் சேர்ந்து வாறது."

"எங்க பச்சை?"

"நேற்று இருந்தது."

"சரி. காபன் எண்டு எழுதியிருக்கு. எங்க?"

"அதுவும் நேற்று இருந்தது, சேர்."

பின் வாங்கில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அதிகாரி சிரிக்கவில்லை.

"பிள்ளை, நேற்று இருந்ததுக்கு நான் இண்டைக்கு எப்பிடி அனுமதி குடுக்கிறது?"

அதிபர் தொண்டையைச் செருமினார். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அதிகாரியின் கண் மேசையில் இருந்த போத்தலில் போய் நின்றது. செவ்வரத்தம்பூ வாடியிருந்தது. அதன் கீழே தண்ணீர் கலங்கி, வெளிறிய மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. போத்தலின் அடியில் செம்பொடி படியத் தொடங்கியிருந்தது.

"எல்லாத்தையும் இப்பிடி மினுக்கிப்போட்டு, பூ வைக்கிற தண்ணியை மட்டும் ஏன் ஊத்தையா வச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

கதவடியில் தட்டு கிலுங்கியது. தாய் இரண்டடி உள்ளே வந்துவிட்டார்.

"ஐயா, அது நான் கழுவினதுங்க. சாம்பல் போட்டுக் கழுவி, நல்ல தண்ணிதாங்க ஊத்தி வச்சேன். சத்தியமாங்க."

அந்த நேரத்தில் அவருடைய மகளின் முகத்தில் நான் கண்டதை இன்றும் மறக்கவில்லை. அவள் அதிகாரியை விட்டுவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள். நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிப்பதுபோல விசாரித்தாள், அதுவும் வீட்டுப் பேச்சில்.

"அம்மா, எந்தக் கெணத்துத் தண்ணி?"

"நம்ம கெணறுதான். வேற எது?"

"எதுல அள்ளினீங்க?"

"வாளியிலதான். நீல வாளி."

"ஊத்தும்போது எப்புடி இருந்துச்சு?"

"கண்ணாடி மாதிரி இருந்துச்சு. கலங்கலா இருந்தா நான் பூ வைப்பனா?"

"பெறகு யாராச்சும் தொட்டாங்களா?"

"அறையைப் பூட்டிப் பெரிய சேர்கிட்டயே சாவியைக் குடுத்துட்டுல்ல போனோம்."

அதிபர் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஏன் காட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தேயிலைப் பெட்டிக்காரி அதிகாரியிடம் திரும்பினாள். பேச்சு மறுபடியும் பாடசாலைப் பேச்சாகியிருந்தது.

"சேர், வாளி பிளாஸ்டிக். போத்தல் கண்ணாடி. அள்ளும்போது தண்ணி தெளிவா இருந்தது. அப்ப இந்தக் கறல் வாளியில இருந்தும் வரேல்ல, கயிற்றில இருந்தும் வரேல்ல. இரும்பு தண்ணிக்குள்ளயே கரைஞ்சு இருந்திருக்கு. கிணற்றுக்கு அடியில காத்து இல்லை. அதால தெரியேல்ல. அம்மா வாய் திறந்த போத்தலில ஊத்தி வச்ச பிறகு காத்தில இருந்து ஒட்சிசன் சேர்ந்திருக்கு. இது இரவுக்குள்ள உண்டான கறல்."

அதிகாரி குனிந்து போத்தலைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதை ஆர் சொல்லித் தந்தது? ரீச்சரோ?"

"இல்லை, சேர். ரீச்சர் சொல்லித் தரேல்ல. எங்களையே யோசிக்கச் சொன்னவா. ரெண்டு மாசமாச் சண்டை. இண்டைக்குத்தான் முடிஞ்சது."

"சொல்லுறதை எல்லாம் நம்பலாம். தண்ணிக்குள்ள இரும்புதான் இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? சும்மா கலங்கின மண்ணாயும் இருக்கலாம்."

இது நல்ல கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பார்வை தாயின் தட்டில் நின்றது.

"சேர், உங்கட தேத்தண்ணியில கொஞ்சம் ஊத்தட்டோ?"

அதிபர், "பிள்ளை," என்று ஓர் அடி முன்னால் வந்தார். அதிகாரி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தட்டிலிருந்து கிளாஸை எடுத்துத் தானே மேசையில் வைத்தார். பாலில்லாத தேத்தண்ணி, நல்ல செம்பொன் நிறம். அவள் பூவை எடுத்துவிட்டுப் போத்தலை ஒருமுறை குலுக்கி, கிளாஸில் கொஞ்சம் சரித்தாள். தேத்தண்ணி மங்கியது. பிறகு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்தில் பேனா மைபோல நின்றது.

"தேயிலையில இருக்கிற துவர்ப்பு இரும்போட சேர்ந்தால் கறுக்கும், சேர். மண் கறுக்காது."

தாய்க்கு இனி அடக்க முடியவில்லை.

"இதுக்குத்தாங்க ஐயா, உங்க தேத்தண்ணிக்குக் கொளத்தடிக் கெணறு வரைக்கும் போய் அள்ளிட்டு வந்தேன். நம்ம கெணத்துத் தண்ணியில போட்டா இந்தக் கோலந்தான். தேயிலை பறிச்ச கையால இப்புடிக் கறுப்புத் தண்ணி போட்டுக் குடுத்தா ஊரே சிரிக்கும்."

அதிகாரி அப்போதுதான் சிரித்தார். வகுப்பு அதற்காகவே காத்திருந்ததுபோலச் சிரித்தது. கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "கயிறு கறல் இல்லை எண்டு ஒத்துக்கொள்ளுறன்."

"அம்மா, எனக்கு இன்னொரு தேத்தண்ணி தருவீங்களோ? இரும்பு இல்லாமல்," என்று அதிகாரி கேட்டார். தாய் தட்டோடு ஓடினார். அவர் திரும்பி வரும்வரை அதிகாரி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக்கொண்டு போனார். இம்முறை, முதலில் என்ன இருந்தது, எதைப் போட்டுத் தேய்த்தபோது போனது என்று பிள்ளைகள் சொன்னார்கள். செம்பின் பச்சையைப் புளி கரைத்தது. ஆணியின் கறல் கரையவில்லை, மணலில் உராய்ந்து போனது. சிமினிக் கரியும் எதிலும் கரையவில்லை, துணியோடு வந்தது. கரைந்ததற்கும் உராய்ந்து போனதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் இரண்டு பிள்ளைகளிடம் மாறிமாறிக் கேட்டார். ஒருவன் பாதியில் மாட்டிக்கொண்டான். மற்றவன் எடுத்துக்கொடுத்தான். அழுக்கோடு இருந்திருந்தால் அந்தப் பலகை அவ்வளவு பேசியிருக்காது என்பதை நான் அங்கே நின்றபடியே கண்டேன்.

இரண்டாவது தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு அதிகாரி அதிபரிடம் சொன்னார்: "தையில வகுப்பைத் தொடங்குங்கோ. கடதாசி பின்னால வரும்." ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, "ஒரு அலுமாரியும் கொஞ்சச் சோதனைக் குழாயும் அனுப்பப் பாக்கிறன். ஆனால் அந்தப் போத்தலை எறியாதேங்கோ," என்றார்.

சோதனைக் குழாய்கள் வந்தன. அலுமாரி வரவில்லை.

1983 தையில், பொங்கல் முடிந்த கையோடு பத்தாம் ஆண்டு வகுப்பு தொடங்கியது. முதல் வாங்கின் ஓரத்தில் தேயிலைப் பெட்டிக்காரி இருந்தாள். பலகையில் மறுபடியும் கறல் ஆணிகளும் கரிச் சிமினியும் ஏறியிருந்தன. முதல் பாடத்துக்கு நான் சோக்கட்டியை எடுத்தபோது வாசலில் அவளுடைய தாய் நின்றார். மிளகாய்த் தோட்டத்துக்குப் போகிற வழியில் வந்திருந்தார்; தலையில் துணி கட்டியிருந்தது. கையில் அதே போத்தல், அப்போதுதான் அள்ளிய தண்ணீரோடு. அதன் வழியாக அவருடைய விரல்கள் தெளிவாகத் தெரிந்தன.

அதை மேசையில், காற்றுப் படும் இடமாகப் பார்த்து வைத்தார்.

"வாய் திறந்துதாங்க வச்சிருக்கேன், டீச்சர்," என்றார். "பூ வைக்கல."